மீன் பாடியதாம்

மச்சான் விமானமேறி நான்கு நாட்களாகின்றன. அவருடைய சப்பாத்துகள் முற்றத்திலே உதிர்த்துவிட்டுப் போன வாவிச் சேறு காய்ந்து தூளாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. வெளிநாட்டு உறவினர் ஒருவர், நம்முடைய பாரம்பரியத்தை ஒருமுறை ஆற அமரப் பார்க்கவேண்டும் என்ற விருப்பத்தோடு மூன்றே நாள் அவகாசத்தில் வந்திறங்கினால் வீட்டிலே என்னென்ன நிகழும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விவரிக்கவேண்டிய அவசியமில்லை. உங்கள் வீட்டுக்கும் ஒரு மச்சான் வந்திருப்பார், அல்லது நீங்களே எவருக்கேனும் அந்த மச்சானாக இருப்பீர்கள். ஆகவே அதையெல்லாம் விட்டு, அவர் கட்டுநாயக்காவுக்குக் காவிச் சென்ற எருமைத் தயிர்ச்சட்டிக்கு நேர்ந்த கதியை மாத்திரம் சொல்லி முடித்துவிடலாமென்றுதான் பேனாவை எடுத்தேன்.

மச்சானுக்குக் கிளாஸ்கோவிலே முப்பது வருஷ வாசம். சென்ற கோடையில் ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் கிராமங்களையெல்லாம் குடும்ப சமேதராய்ச் சுற்றி வந்திருக்கிறார். அந்தப் பிரயாணத்தின் பலனாக, முழங்கால் தெரியும் கட்டம்போட்ட பாவாடையொன்றை உடுத்து, தோற்பையை அக்குளில் இடுக்கி ஊதும் வாத்தியக்காரர் ஒருவரின் தோளிலே கை போட்டபடி தாம் நிற்கும் புகைப்படத்தை என் கண்ணுக்கு ஆறங்குலத்தில் பிடித்து, "பாருங்க அத்தான், அங்க ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம். எங்கட ஆக்களுக்கு எதையும் பேணி வைக்கத் தெரியாது" என்றார்.

1822ஆம் ஆண்டிலே நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, வரவேற்பு வைபவத்தின் சூத்திரதாரியாக அமைந்த நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட், வருகிற பிரமுகர்களையெல்லாம் மலைநாட்டு உடையில் வரச் செய்தார் என்பதையும், மன்னரும் இளஞ்சிவப்புக் காலுறையின்மேல் அந்தப் பாவாடையைத் தரித்து நின்றார் என்பதையும், குலத்துக்கொரு கட்டம் என்ற சம்பிரதாயம் பெரும்பாலும் அந்த ஆரவாரத்துக்குப் பிறகே வேரூன்றித் தழைத்தது என்பதையும் நான் எப்போதோ வாசித்திருந்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர், மனைவியின் தம்பி வேறு. விருந்தாளி வருகிறார் என்றால் பாரம்பரியத்துக்குக் கால் முளைத்துவிடுவது அந்த ஊருக்கும் பொது என்று எண்ணி ஆறுதலடைந்தேன். நமக்கும் குடிகள் உண்டு. தாய்வழியாய் இறங்கிவரும் குடிகள். எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்ற வரிசை தப்பினால், திருவிழாவிலே தேங்காயோடு வேறு சிலவும் உடையும். குடிக்கொரு சாரம் என்று அன்றைக்கே எவருக்காவது தோன்றியிருந்தால், மருதமுனைத் தறிகளுக்கு இன்று ஓய்வொழிச்சல் இருந்திராது.

முதல் நாள் படுவான்கரை. மண்டூருக்குப் போகக் குருமண்வெளித் துறையில் வந்து நின்று, பாதை எங்கே என்று மச்சான் கேட்க, ஆலடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவர், "பாதை அக்கரையில நிக்குது மனே, ஆக்கள் ஏறினதும் இஞ்சால வந்திரும்" என்றார். மச்சான் கைப்பேசியிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், பிறகு, இந்த ஊரிலே பாதைகளுக்குமா புத்தி கெட்டுவிட்டது என்று கேட்பவர்போல என்னைப் பார்த்தார். ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகுக்குப் பாதை என்பது பெயர் என்று அவருக்கு நடை பழகிய நாளிலேயே தெரியும். முப்பது வருஷத்தில் அது மறந்துவிட்டது. குறை சொல்வது மாத்திரம் மறக்கவில்லை. மண்டூர் முருகன் சந்நிதியிலே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்வார். மச்சான் அங்கே நின்ற இருபது நிமிஷமும் வாயைக் கட்டவேயில்லை.

இரண்டாம் நாள் கூத்து. சட்டங் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, மாதக்கணக்கில் பழகியபின் வட்டக்களரியிலே விடிய விடிய ஆடும் வடமோடியை, ஒரு விடுதியின் புல்தரையிலே பன்னிரண்டு நிமிஷத்தில் காட்டினார்கள். 1960களில் பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி இராவணேசனை மேடையேற்றியபோது அதற்கொரு கலா நியாயம் இருந்தது. இங்கே இராவணனைச் சுருக்கியது சூப்புக்கும் பொரித்த மீனுக்கும் இடையிலிருந்த அவகாசம். அண்ணாவியார் மத்தளத்தைக் கழுத்திலிருந்து கழற்றாமலே என்னிடம் வந்து, "சம்பளம் தாறாங்க தம்பி, என்ன செய்யிற" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இனி மீன். தயிர்ச்சட்டிக்குப் போகும் வழியிலே இந்த மீன் குறுக்கே கிடக்கிறது. தாண்டிப் போகக்கூடிய அளவுள்ள மீனன்று.

இந்த மட்டக்களப்பு வாவியில் எழும் இசையைப் பற்றி உலகத்துக்கு விஸ்தாரமாக எழுதி வைத்தவர், இலங்கை அரசாங்கத்தின் காரியதரிசியாயிருந்த எமர்சன் தெனன்ற் துரை. 1848ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து இரவொன்றில் அவர் தோணியேறிப் போய்க் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் செம்படவரையும் விசாரித்தார். அவர்களோ, அது மீனன்று, அடியிலே கிடக்கும் ஊரி அழுகிறது என்றார்கள். ஆக, சாட்சிகளை அழைத்த முதல் விசாரணையிலேயே மீன் குற்றமற்றதென்று விடுதலையாகிவிட்டது. பின்னர் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே, நீரரமகளிரை அவ்விசைக்கு உரியவராக்கினார். அவர் சங்கீத சாஸ்திரி; ஊரியோடு திருப்திப்படுவாரா? பிறகு 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் சுவாமியார் நீருக்குள்ளே ஒலிவாங்கியை இறக்கி ஒலிப்பதிவே செய்துவிட்டார். ஊரியா, மீனா, அரமகளிரா என்று வித்துவான் யாரென்பதே இன்னும் தீர்ந்தபாடில்லை. கச்சேரி மட்டும் ஜகப்பிரசித்தம். நாட்டுக்கே மீன்பாடும் தேன்நாடு என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

இதிலே நான் செய்திருக்கும் அபசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு வயதாகிறது, வாவிக்கரையிலேயே பிறந்தவன், அந்த ஓசையை ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டதாகச் சொல்லாத நாள்தான் குறைவு. ஒன்பது வயதிலே அப்பா கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியிலே கூட்டிப்போய், சவளின் ஒரு நுனியை நீரிலே அமிழ்த்தி, மறுநுனியை முதலில் அண்ணனின் காதிலும் பிறகு என் காதிலும் வைத்து, "கேக்குதா?" என்றார். அண்ணன் முன்னமே கேட்கிறது என்று சொல்லிவிட்டதனால் நானும் சொன்னேன். நாற்பது வருஷங் கழித்து, அப்பாவின் அந்தியேட்டி முடிந்த அன்று திண்ணையிலே, அண்ணன் தனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றும், அப்பா முன்னமே தலையை ஆட்டிவிட்டதனால்தான் அப்படிச் சொன்னதென்றும் ஒப்புக்கொண்டார். அப்பாவுக்குக் கேட்டதா என்று விசாரிக்க இப்போது வழியில்லை.

ஆகையினால், பௌர்ணமி இரவிலே மச்சானோடு தோணியேறும்போது எனக்கு வேறு பயமில்லை, மச்சானைப் பற்றிய பயந்தான். தோணிக்காரர் பேசாமலிருக்கச் சொன்னார். மச்சான் பேசினார். லொக் நெஸ் என்ற ஏரியிலே ஒரு பூதப் பிராணி இருக்கிறதாம், எவரும் கண்டதில்லையாம், ஆனாலும் கரையிலே நூதனசாலையென்ன, கடையென்ன, பொம்மையென்ன! அந்த ஏரி 37 கிலோமீற்றர், நம்முடைய வாவி 56 கிலோமீற்றர் என்பதை நான் சொன்னேன். காணக் கிடைக்காத பிராணி அவர்களுக்கு, கேட்கக் கிடைக்காத பிராணி நமக்கு. உலகம் நம்பிய 1934ஆம் வருஷத்துப் புகைப்படம், விளையாட்டு நீர்மூழ்கியொன்றின்மேல் தலையொன்றை ஒட்டிச் செய்த வேலை என்று 1994இல் வெளிப்பட்ட பின்னும் சனம் போகத்தான் போகிறது.

கரையிலே எங்கோ கலியாண வீட்டு ஒலிபெருக்கி. பாலத்தின்மேலே முச்சக்கரவண்டி. நுளம்புகள் காதைச் சுற்றிப் பாடிய பாட்டில் ஒரு சந்தேகமுமில்லை. மச்சான் சவளிலே காதை வைத்தார். கைப்பேசியையும் அதிலே கட்டி ஒலிப்பதிவுக்கு விட்டார். கண்ணை மூடினார். பனி பிடித்து நான் இரண்டு முறை இருமினேன். சிறிது நேரத்தில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "கேக்குது அத்தான்! வீணை மாதிரி! உங்களுக்கு?" என்று சவளை என் பக்கம் நீட்டினார். நான் காதை வைத்தேன். ஈரமரம், பழைய இறால் வாசனை, என் நாடித்துடிப்பு. தோணிக்காரர் என்னைப் பார்த்தார், நான் தோணிக்காரரைப் பார்த்தேன்.

"ஓம், நல்லாக் கேக்குது" என்றேன்.

மூன்று நாளுக்கென்று வந்தவர் பதினொரு நாள் இருந்தார். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதுண்டு. ஒட்டவைக்கிற மந்திரம் உண்மையோ பொய்யோ, உரித்தெடுக்கிற மந்திரம் நம்மவர் எவருக்கும் தெரியாதென்பது நிச்சயம்.

நேற்றிரவு அந்த ஒலிப்பதிவு குடும்ப வாட்சப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. நான்கு நிமிஷம். விளக்கை அணைத்து மூன்று முறை கேட்டேன்: தோணியிலே நீர் மோதுகிறது, தூரத்திலே கலியாண வீடு, நடுவிலே என் இருமல். ரொறன்ரோவிலிருக்கும் சித்தி, கண்ணீர் வந்துவிட்டதென்று எழுதியிருந்தார். சென்னையிலே சங்கீதம் படிக்கும் மருமகள், இரண்டாவது நிமிஷத்தில் மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் ஒன்று இரண்டு தரம் தெளிவாக ஒலிக்கிறது, அதுதான் மீனாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே கும்பிடுகிற கைகள் இருபத்தொன்று. நானும் ஒரு சோடியை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.