பொசுக்கென்று அணையும் லேப்டாப்பை அப்படியே வைத்துக்கொள்வது எப்படி?

தல்லாகுளத்தில் உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும்: 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் 7-உடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் கைவிட்டதும் நீங்கள் முழுசாக லினக்ஸுக்கு மாறினீர்கள். இப்போது அது பாதி வேலையில் பொசுக்கென்று அணைகிறது. கவலை வேண்டாம். கீழே சொல்கிறபடி செய்யுங்கள். காரணம் கடைசிவரை பிடிபடாது.

1. முதலில் லினக்ஸைத் திட்டுங்கள். "இலவசமா வந்தது இப்படித்தான் இருக்கும்" என்று வீடே கேட்கும்படி சொல்லுங்கள். மற்ற படிகளுக்கு இதுவே அஸ்திவாரம்.

2. மெத்தைமேல் வையுங்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் நன்றாக அடைபட வேண்டும். சித்திரை வெயிலில், மொட்டை மாடி அறையில் என்றால் இன்னும் உத்தமம். அழகரையே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிற ஊர்தான். அதற்காக லேப்டாப்புக்கெல்லாம் காற்று கொடுக்க முடியுமா? பிராசஸர் சூடு 100 டிகிரியை நெருங்கினால், கருகிவிடாமல் இருக்க கெர்னலே மெஷினை அணைத்துவிடும். அந்த நல்ல காரியத்தைக் கோளாறு என்றே நம்புங்கள்.

3. பின்பக்கத்தைக் கழற்றாதீர்கள். கழற்றினால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டாகப் படிந்திருக்கும் தமுக்கம் புழுதியைப் பார்க்க நேரிடும். பிராசஸர்மேல் தடவிய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருப்பதும் தெரிந்துவிடும். விசிறி உர்ரென்று கத்துகிறதா? டிவி சத்தத்தைக் கூட்டுங்கள்.

4. பேட்டரி சொல்லும் கணக்கை நம்புங்கள். 40 சதவீதம் என்று காட்டிய அடுத்த நொடி அணைந்தாலும் நம்புங்கள். 'யூபவர்' என்றொரு கட்டளை இருக்கிறது. பேட்டரி புதிதில் எவ்வளவு தாங்கியது, இன்று எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டே வரியில் காட்டிவிடும். தட்டாதீர்கள், செலவு வைக்கும். டச்பேட் மேடுதட்டி நிற்கிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, தீப்பிடிக்கலாம். அது தெரிந்த கையோடு, "பாத்துக்கலாம்" என்று மூடி வையுங்கள்.

5. சார்ஜர் முனை நுழைந்தால் போதும். 90 வாட் கேட்கிற மெஷினுக்கு 65 வாட் தாராளம். பின் ஆடினால் ஒரு கோணத்தில் வளைத்து, அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுங்கள். அதன்பின் யாரும் அந்த மேஜைப் பக்கம் மூச்சுவிடக் கூடாது.

6. "நாளை மின்தடை" என்று பேப்பரில் தல்லாகுளம் பெயரும் வந்திருக்கிறதா? பேட்டரி செத்த லேப்டாப்பில் முக்கியமான வேலையை அன்று காலையே தொடங்குங்கள். சேமிக்காதீர்கள். கரண்ட் போனதும் முதல் படிக்குத் திரும்புங்கள்.

7. மிக முக்கியம்: பதிவேட்டைப் படிக்காதீர்கள். டெர்மினலில் 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 மைனஸ் இ' என்று தட்டினால், போன தடவை அணைவதற்குமுன் மெஷின் எழுதிவைத்த கடைசி வரிகள் வரும். வெப்பம் எல்லை மீறியது என்றிருந்தால் சூடு. சர்வீஸ்கள் வரிசையாக நின்றிருந்தால், யாரோ அணைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி தீர்ந்து மெஷினே முறையாக அணைந்திருக்கிறது. பாதியில் அறுந்து நின்றால் பேட்டரி, சார்ஜர், போர்டு பக்கம் சந்தேகப்படலாம். இவ்வளவும் ஒரே வரிக் கட்டளையில் தெரிந்துவிட்டால் அப்புறம் எதைத் திட்டுவீர்கள்? சில லினக்ஸில் பழைய பதிவு தங்காது; 'வார்-லாக்' அடியில் 'ஜர்னல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கினால்தான் தங்கும். உருவாக்காதீர்கள்.

8. அதற்குப் பதில் லினக்ஸை மாற்றுங்கள். இந்த வாரம் லூபுண்டு, அடுத்த வாரம் மின்ட். சூடு அதேதான், வால்பேப்பர் மட்டும் புதிது.

9. எல்லாம் முடிந்ததும் கடைக்குத் தூக்கிப் போங்கள். "எப்பண்ணே அணையுது? சார்ஜர் போட்டிருக்கப்பவா, போடாதப்பவா?" என்று கடைப் பையன் கேட்பான். "அதெல்லாம் யாருப்பா கவனிச்சா, அதுபாட்டுக்கு அணையுது" என்று சொல்லுங்கள். அவன் பெருமூச்சுவிட்டு, "மதர்போர்டு போயிருக்கும்ணே" என்பான். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு, புதுசுக்கு இஎம்ஐ போடுங்கள்.

வாழ்த்துகள். தூசி தட்டிப் பேஸ்ட் மாற்ற ஆகியிருக்கும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டீர்கள்.