தொலைநோக்கிக்கு ஜாதகம் எழுதுவது எப்படி

இந்த ரிமோட் கேட்கிற கேள்விகளில் "டேலைட் சேவிங் உண்டா?" என்பதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. போன சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பாலக்கோட்டில் ஒரு மொட்டை மாடியில், கொசுக்கடிக்கு நடுவே அதைப் படித்தேன். இன்னும் ஆறவில்லை. மார்ச் மாதத்துத் தர்மபுரி ஜில்லாவில் பகல் வெளிச்சத்தைச் சேமிப்பதாம்! யாராவது வந்து பாதியை எடுத்துக்கொண்டு போனால் கும்பிட்டு அனுப்பிவைப்போம்.

மாடி என் நண்பருடையது. தக்காளி மண்டி வைத்திருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கிற மகன் கேட்டான் என்று ஒரு கம்ப்யூட்டர் டெலஸ்கோப்பை வரவழைத்துவிட்டார். "நாப்பதாயிரம் அயிட்டம் உள்ளயே இருக்குதாம் சார். வியாழன்னு அமுக்கினா அதுவே திரும்பி வியாழனைப் பார்க்குமாம். ஸ்டாண்டெல்லாம் போட்டாச்சு. நீங்க வந்து அலைன் மட்டும் பண்ணிட்டுப் போயிடுங்க." ஸ்டாண்டு போடுவது இரண்டு நிமிஷ வேலை. அவர் 'மட்டும்' என்று சொன்னாரே, அது விடிய விடிய நடக்கிற வேலை.

ஆகவே புதிதாக வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கியவருக்கு நண்பராக வாய்த்தவர்கள் எல்லோருக்கும் உதவும்படி, இரண்டு நட்சத்திரத்தைக் காட்டித் தொலைநோக்கிக்கு வானத்தை அடையாளம் சொல்கிற 'இரண்டு நட்சத்திர அலைன்மென்ட்' செய்வது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்லிவிடப் போகிறேன். மொத்தம் மூன்றே படிகள்.

முதல் படி. ரிமோட்டை ஆன் செய்ததும் அது கேட்பது தேதி, நேரம், ஊர். கட்டம் போடுவதற்கு முன் ஜோசியர் கேட்கிற அதே மூன்று. காரணமும் ஒன்றேதான். அந்த நிமிஷத்தில், அந்த ஊரின் கிழக்கு அடிவானத்தில் வானத்தின் எந்தப் பகுதி எழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் மிச்சத்தை நிரப்ப முடியும். ஜோசியர் அதற்கு லக்னம் என்று பெயர் வைத்து நம் கல்யாணம் வரை போவார். ரிமோட் பெட்டி அதிலிருந்து எந்த நட்சத்திரம் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் என்று கணக்கிட்டு மோட்டாரைச் சுழற்றும்.

ஆனால் ஜோசியரே தேவலை. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, போர்க்காலம் என்று இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்த தாத்தாவின் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். விவரம் தெரிந்த ஜோசியர் அந்த ஒரு மணியைத் தானே கழித்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். "உங்க தாத்தா பொறந்தப்ப டேலைட் சேவிங் இருந்துச்சா?" என்று நம்மைப் பிடித்து உலுக்க மாட்டார். இந்தப் பெட்டியோ ஒவ்வொரு முறையும் கேட்கும். கைதவறி 'ஆம்' என்று அமுக்கினால் அதன் வானம் 15 டிகிரி புரண்டுவிடும். மணிக்கு 15 டிகிரி என்பது வானத்தின் சுழற்சிக் கணக்கு, அதில் பேரம் கிடையாது.

ஜோசியர் இன்னொன்றும் செய்வார். நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரமே இல்லை. அது கிழக்கே 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். பாலக்கோடு இருப்பது 78 டிகிரிச் சொச்சத்தில். டிகிரிக்கு 4 நிமிஷம் வீதம் பார்த்தால் நாம் ஏறக்குறைய 18 நிமிஷம் பின்னால் இருக்கிறோம். தர்மபுரியைப் பின்தங்கிய மாவட்டம் என்று எழுதுகிறவர்களுக்கு மறுக்கமுடியாத ஆதாரம் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். இந்த 18 நிமிஷத்தை ஜோசியர் கழித்துவிடுவார். பெட்டியும் கழிக்கும், ஊரைச் சொன்னால்.

ஊரைச் சொல்வதில்தான் தகராறு. பட்டியலில் இந்தியாவுக்குப் போனால் பெங்களூரு இருந்தது, சென்னை இருந்தது. பாலக்கோடு வேண்டாம், தர்மபுரியாவது இருக்கலாம் இல்லையா? ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தலைநகரம் அமெரிக்கப் பெட்டிக்குத் தெரியவில்லை. பக்கத்து ஊர் என்று பெங்களூருவைத் தேர்ந்தெடுத்தேன். நண்பர் பதறிப்போனார். "என்ன சார் நீங்க! காவேரியில தண்ணி விடறதுக்கே அவங்க கிட்ட கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்குது. நம்ம வானத்தையும் அவங்க பேருல எழுதிக் கொடுக்கணுமா?"

சரி, அட்சரேகை தீர்க்கரேகையையே போட்டுவிடலாம் என்று பையனிடம் போனைப் பார்க்கச் சொன்னேன். 12.30 என்று வந்தது. பெட்டி கேட்பதோ டிகிரி, நிமிஷம். பையன் 12 டிகிரி 30 நிமிஷம் என்று தட்டப் போனான். தம்பி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்கணும், 18 நிமிஷம் என்றேன். "இப்பத்தானே மாமா 18 நிமிஷத்தைக் கழிச்சீங்க?" என்றான். அது வேறு 18, கடிகார நிமிஷம். இது கோண நிமிஷம். அதை விளக்கிக்கொண்டிருந்தபோது நண்பரின் வீட்டம்மா காப்பி கொண்டுவந்தார். அவர் போன பிறகும் விளக்கிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் இந்தப் பிசகு பதிமூன்று பதினான்கு மைல் சமாசாரம். இரண்டு நட்சத்திரத்தைச் சரியாகக் காட்டிவிட்டால் பெட்டி அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

சரிக்கட்ட முடியாதது தேதி. நான் போவதற்கு முன்பே பையன் தேதி போட்டிருந்தான். மார்ச் 7 என்பதை நாம் எல்லோரும் எழுதுகிற மாதிரி 07/03 என்று போட்டிருந்தான். பெட்டி அமெரிக்க முறையில் ஜூலை 3 என்று எடுத்துக்கொண்டது. மாதத்தை முன்னால் போடுகிற தேசத்தார் நிலாவில் எப்படி இறங்கினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம். 12-ஆம் தேதிக்கு மேல் என்றால் 'அப்படியொரு மாதம் கிடையாது' என்று பெட்டியே மறுத்துவிடும். முதல் 12 தேதிகளில்தான் வம்பு. சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வேறு வானத்தை விரிக்கும்.

ஜூலை 3 இரவு எட்டு மணிக்குப் பாலக்கோட்டில் தலைக்கு நேர் மேலே இருப்பது ஆர்க்டூரஸ், நம் சுவாதி. பெட்டி அதை நோக்கி விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. மார்ச்சில் அந்த இடத்தில் சுவாதி ஏது? உச்சிக்குப் பக்கத்தில் மிதுனத்தில் வியாழன் இருந்தது. அதை நடுவில் கொண்டுவந்து, 'இதுதான் ஆர்க்டூரஸ்' என்று பையன் கையெழுத்துப் போட்டுவிட்டான். இரண்டாவதாகப் பெட்டி கேட்டது அண்டாரஸ், நம் கேட்டை. சிவப்பாக இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறான். தென்கிழக்கில் சிவப்பாக இருந்தது செல்போன் டவரின் உச்சி விளக்கு. அதையும் வெகு சிரத்தையாக நடுவில் நிறுத்தி அமுக்கியிருக்கிறான். 'அலைன்மென்ட் ஃபெயில்டு' என்று வந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. ஜாதகப்படி பார்த்தால் சுவாதிக்கும் கேட்டைக்கும் பொருத்தம் பார்க்கச் சொல்லி, வியாழனையும் டவரையும் மணையில் உட்காரவைத்திருந்தார்கள். பொருந்தவில்லை என்று சொன்னதற்குப் பெட்டிக்குத் திட்டு வேறு.

ஜோசியத்தை விட்டு வெளியே வரலாம் என்றால் விடுகிறதா? மார்ச் மாதத்து எட்டு மணிக்கு அலைன்மென்ட் செய்ய வானம் தங்கத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. மேற்கே ஆல்டிபரான், அதாவது ரோகிணி. கிழக்கே ரெகுலஸ், அதாவது மகம். இரண்டும் பிரகாசமானவை, எதிரெதிர்ப் பக்கம். ஒன்றும் அடிவானத்தோடு ஒட்டவில்லை, ஒன்றும் உச்சந்தலையில் ஏறவில்லை. இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. நண்பரின் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறைக்கு யார் யார் என்ன நட்சத்திரம், எத்தனையாம் பாதம் என்று மூச்சுவிடாமல் சொல்லக் கூடியவர். "மகம் எதுன்னு காட்டுங்கம்மா" என்றேன். "நடுப் பொண்ணு மகம், தம்பி" என்றார். மகத்தில் பிறந்தால் ஜகத்தை ஆளலாம் என்கிறோம். அது கிழக்கே தென்னைமரத்துக்கு மேல் வந்து நின்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. திருவாதிரை, சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் என்று பெட்டி நம்மிடம் கேட்கிற நட்சத்திரங்களில் பாதி நம் வீட்டுப் பத்திரிகைகளில் அச்சாகிறவை. 27-ஐயும் ஒப்பிப்போம். ஒன்றைக் கைநீட்டிக் காட்டச் சொன்னால் காலண்டரைத் தேடுவோம்.

இரண்டாம் படி, வடக்கு. குழாயை வடக்கு பார்த்துச் சமமாக நிறுத்திவிட்டுத் தொடங்கினால் பெட்டி முதல் நட்சத்திரத்தின் பக்கத்திலாவது போய் நிற்கும். நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. திசைகாட்டியை நம்பலாம். ஆனால் பிற்பாடு மேல்மாடி எடுப்போம் என்று நம் ஆட்கள் மாடியில் கம்பி விடாமல் இருந்தால்தானே? நாலு மூலையிலும் துருப்பிடித்த முறுக்குக் கம்பிகள், மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கத் தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டில்கள். திசைகாட்டி ஒரு மூலையில் ஒரு வடக்கும் இன்னொரு மூலையில் இன்னொரு வடக்கும் காட்டியது. நண்பர் தலையிட்டு, "வாஸ்து பார்த்துக் கட்டின வீடு சார், குபேர மூலை பிசகாது" என்று தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாமே என்று புத்தகத்தில் போட்டிருக்கும். போட்டவர் ஊரில் அது வானத்தில் பாதி உயரத்தில் இருக்கும். துருவத்தின் உயரம் ஊரின் அட்சரேகைதான். நமக்கு 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அந்த 12 டிகிரிக்குள் பக்கத்து வீட்டு மாடி, முருங்கை, புழுதி, உயர்கோபுர மின்விளக்கு எல்லாம் அடக்கம். துருவ அச்சு வைத்த ஸ்டாண்டு என்றால் இன்னும் விசேஷம். நம் ஊருக்குத் தக்கபடி அதைச் சாய்த்தால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் முட்டும். குளிர்தேசத்துக்குச் செய்த சாமான், நம்மிடம் வந்து படுக்க மறுக்கிறது.

படுக்கத் தெரிந்த தொலைநோக்கி பக்கத்து ஜில்லாவில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த வைணு பாப்பு தொலைநோக்கி, 1986 ஜனவரியில் திறந்தது. அதன் அச்சு பன்னிரண்டரை டிகிரிதான் தூக்கியிருக்கும். வடமுனையில் குதிரை லாட வடிவத்தில் ஒரு ராட்சத வளையம், துருவப் பக்கத்து வானமும் மறையாமலிருக்க. இந்த அட்சரேகைக்கென்றே இந்தியாவிலேயே செய்தது. 1982-இல் காலமான வானியலாளர் பாப்பு, தன் பெயர் தாங்கிய அது நிமிர்ந்ததைப் பார்க்கவில்லை. பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் வடவானத்தோடு தென்வானமும் நிறையக் கிடைக்கும், சுற்றிலும் காடு, இரவில் இருட்டு என்றுதான் அந்த மலையைப் பிடித்தார்கள். நாம் அடிவாரத்தில் ஊருக்கு ஊர் வெள்ளை எல்.இ.டி. கம்பம் நட்டு, அதில் பாதி வெளிச்சத்தை மேலே அனுப்பிவிட்டு, "சார், ஏன் சரியாத் தெரியல? லென்ஸ் மாத்தணுமா?" என்று கேட்கிறோம். மாற்ற வேண்டியது பல்பு. அதற்கு மனு எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி, நட்சத்திரத்தை நடுவில் நிறுத்துவது. இதுதான் முக்கியமானது. கவனமாகக் கேளுங்கள். கியரில் கொஞ்சம் விளையாட்டு இருக்கும் என்பதால் கடைசி அசைவை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து, மேல் அம்பு, வலது அம்பு இரண்டால் மட்டுமே...

இந்த இடத்தில்தான் நண்பரின் மச்சான் மாடிக்கு வந்தார். வந்ததும் எல்லோரும் கேட்கிற அதையே கேட்டார். "இதுல எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?" வியாழன் சுமார் 70 கோடி கிலோமீட்டர் என்றேன். அசரவில்லை. கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு என்றேன். "அது கெடக்கட்டுங்க, ஒகேனக்கல் தெரியுமா?" என்றார். கேட்டுக்கொண்டே முக்காலியின் மேல் கையை ஊன்றினார். அது ஓரடி நகர்ந்தது. முதலிரண்டு படிகளும் போயின. பிறகு அவரே ஆறுதல் சொன்னார்: "புது மாடல்ல கேமரா வெச்சிருக்காங்களாம் மச்சான். அதுவே வானத்தைப் படம் புடிச்சு அதுவே அலைன் பண்ணிக்குமாம். நாம மேல பார்க்கவே வேண்டியதில்லையாம்." நண்பரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தலையை நிமிர்த்தாமலிருக்க மனிதன் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பான்.

மூன்றாம் படியை முடிக்க இங்கே இடமில்லை. அவசரமாகத் தேவைப்படுவோர் பெட்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படிக்கலாம். படிக்க மாட்டீர்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இனி அமாவாசைக்கு அமாவாசை என் போன் ஸ்விட்ச் ஆஃப்.