நாற்பது விநாடிக்கு முன்னால் வந்த அய்யோ

சண்டர்லேண்ட்
7 நவம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

முதலில் நமஸ்காரம், அடுத்து ஒரு புகார். செவ்வாய்க்கிழமை சூப்பர் லீக் கேரளா கால்பந்து செமிஃபைனல் நடந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட குரல் செய்திகள் அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வந்த நேரம்தான் சரியில்லை. ஆரியசாலை வீட்டு டி.வி.யில் பந்து வலைக்குள் போகிறது, நீங்கள் "அய்யோ" என்கிறீர்கள். அந்த அய்யோ கடல் கடந்து என் காதில் விழும்போது, என் போனில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இப்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நமக்கு நடுவே இருப்பது நாற்பது விநாடி, அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது விநாடியில் நான் படுகிற பாடு இருக்கிறதே, ரிசல்ட் தெரிந்த பிறகு பரீட்சை எழுதப் போகிறவன் கூட அவ்வளவு பட மாட்டான்.

முதல் அய்யோவையே எடுத்துக்கொள்ளுங்கள். "அய்யோ, பெனால்டிடா!" என்றீர்கள். யாருக்கு பெனால்டி என்று சொல்லக்கூடாதா? உங்கள் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு, தொலைந்தோம், கோழிக்கோட்டுக்காரனுக்குத்தான் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, எழுந்துபோய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பெனால்டி நமக்கு! பந்து உள்ளே! கொம்பன்ஸ் 1, காலிகட் 0. கோழிக்கோட்டில், அவர்களுடைய இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில், அவ்வளவு கூட்டத்தையும் வாயடைக்க வைத்த அந்த கோலை நான் டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பாதி பார்த்தேன். "சந்தோஷத்துக்குமா அய்யோ?" என்று கேட்டதற்கு, "வெளியே அடிச்சுடுவானோன்னு பயந்துட்டேன்டா" என்று பதில் போட்டீர்கள். நம் குடும்பத்தில் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் ஒரே வார்த்தைதான் போலிருக்கிறது.

குறை சொல்லவும் முடியவில்லை. நம் ஊர் ரசிகனின் உடம்பு அப்படிப் பழகிப்போனது. 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடிய ஐ.எஸ்.எல். ஃபைனலில் 95-ஆவது நிமிடம் தலையால் முட்டி நம் வயிற்றில் அடித்தார்கள். 2016-இல் கொச்சியில் பெனால்டியில் போயிற்று. 2022-இல் கோவாவில் மறுபடி பெனால்டி. எதிரணி கோல்கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார், நீங்கள் மூன்று நாள் சாப்பாட்டைத் தடுத்தீர்கள், சித்தி எனக்கு போன் பண்ணி அழுதாள். அதெல்லாம் கொச்சிக்காரன் டீம், நமக்கென்று ஒன்று வரட்டும் என்று காத்திருந்தோம். சூப்பர் லீக் கேரளா வந்தது, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் வந்தது. கேப்டன் பாத்ரிக் மோத்தா பிரேசில்காரர், பயிற்சியாளர் செர்ஜியோ அலெக்சாந்திரேயும் பிரேசில்காரர். மைதானமோ பாளையத்துச் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் போலீஸ் டீம் ஆட்டம் காட்டிய அதே இடம். ஆறு அணியில் நாலாவதாக வந்தோம். செமிஃபைனலில் நாலு பேருக்குத்தான் இடம். பந்தியில் கடைசி இலை கிடைத்தவனுக்குப் பாயசம் வருமா வராதா என்று இருக்குமே, அந்த நிலைமை.

முதல் பாதி வரைக்கும் பாயச வாளி நம்மைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது.

இடைவேளை முடிந்தபோது இங்கே பள்ளிக்கூடம் விடும் நேரம். உங்கள் மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி, எனக்கு லீவு. ஆகவே பயலை அழைத்து வருவது என் பொறுப்பு. ஒரு கையில் போன், காதில் கம்பி, தலையில் குல்லா, அதன் மேல் இன்னொரு குல்லா. பள்ளிக்கூட வாசலில் முப்பது நாற்பது அம்மாக்கள். இந்த ஊர்ப் பெண்கள் பார்ப்பவனையெல்லாம் 'பெட்' என்று கூப்பிடுவார்கள். நம் ஊர் 'மோளே, மோனே' மாதிரி. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்து "என்ன வேணும், பெட்?" என்றபோது, நாய்க்குட்டியைக் கூப்பிடுகிறாள் என்று காலடியில் தேடினேன்.

வாசலில் நிற்கும்போது உங்கள் இரண்டாவது அய்யோ வந்தது. நான் கலங்கவில்லை. போன தடவையும் இப்படித்தானே, நல்லதாகத்தான் இருக்கும், ரெண்டாவது கோலும் போட்டுவிட்டோம் என்று பக்கத்தில் நின்ற அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன்கூட. நாற்பது விநாடி கழித்துப் பார்த்தால் 1-1. அடுத்த அய்யோவுக்கு அய்யோ என்று கூட வரவில்லை, வெறும் பெருமூச்சு. அந்தப் பெருமூச்சிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை நாற்பது விநாடியும் நான் போனைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தேன். பிறகு பார்த்தேன். 2-1.

அப்போது என் வாயிலிருந்தும் வந்துவிட்டது, சித்தப்பா. உங்கள் குரல்தான், அச்சு அசல். "அய்யோஓஓ!" சாலை கடக்கப் பலகை பிடித்து நிற்கும் அம்மா ஓடி வந்தாள். "என்னாச்சு பெட், வீட்டில் யாருக்காவது முடியலையா?" என்றாள். தோற்றுவிட்டோம் என்றேன். "சண்டர்லேண்டா? இன்றைக்கு ஆட்டமே இல்லையே?" என்றாள். இல்லை, என் ஊர் யானைகள் என்றேன். அவள் முகத்தில் வந்த அனுதாபத்தைப் பார்த்திருக்க வேண்டும். யானைகளுக்கு ஏதோ விபத்து என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் என் பயலுக்கு வகுப்பில் யானை படம் வரையக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நாம் தோற்றது ஒன்றும் சின்ன இடத்தில் இல்லை. உலகக்கோப்பைக்குப் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு முப்பதடி கட்-அவுட் வைத்த மாவட்டம் அது. நாம் என்ன? டைட்டானியம் கம்பெனியும் எஸ்.பி.டி. பாங்கும் அணி வைத்துப் பந்து விளையாடிய ஊர். நம் ஊரில் நல்ல ஆட்டக்காரனுக்கு முதலில் ஆபீஸ் ஐ.டி. கார்டு, அப்புறம்தான் பூட்ஸ். எஸ்.பி.டி.யும் 2017-இல் ஸ்டேட் பாங்கில் கரைந்துபோனது. தெற்கே பொழியூர்க் கடற்கரை மட்டும் இல்லையென்றால் நம் மானம் என்றைக்கோ போயிருக்கும். அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் நீரோடி, தூத்தூர், இரவிபுத்தன்துறை. வலை காய்கிற மணலில் பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மைக்கேல் சூசைராஜ் அந்த மணலிலிருந்து ஐ.எஸ்.எல். வரைக்கும் போனவர்தானே.

இன்னொரு விஷயம் எனக்கு ராத்திரி படுத்த பிறகு உறைத்தது. நம்மைத் தோற்கடித்த காலிகட் எஃப்.சி. யாருடையது? வி.கே. மாத்யூஸ். அவர் தொடங்கிய ஐ.பி.எஸ். கம்பெனி எங்கே? நம் டெக்னோபார்க்கில்! மலப்புரம் அணியில் பணம் போட்டிருப்பது யார்? நம் விழிஞ்ஞம் பக்கத்துச் சஞ்சு சாம்சன். ஃபைனலுக்குப் போயிருக்கும் ஃபோர்கா கொச்சி? பிரித்விராஜ். பிறந்தது எங்கே? நம் ஊரில். ஆக ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் இரண்டு பக்கமும் திருவனந்தபுரம்தான் ஆடப்போகிறது, திருவனந்தபுரத்தைத் தவிர. சசி தரூர் கொம்பன்ஸுக்குப் புரவலராக இருக்கிறாரே, இந்த நிலைமைக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை வைத்திருப்பார், கேட்டுச் சொல்லுங்கள். சொந்த ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்க் கொடி பிடிப்பவர்களைப் பற்றிக் கடுமையாக ஒரு பாரா எழுதியிருந்தேன். எழுதிவிட்டு மேலே பார்த்தால் கடிதத்தின் தலையில் 'சண்டர்லேண்ட்' என்று இருந்தது. அடித்துவிட்டேன்.

இந்த ஊரைப் பற்றி எழுதவே இல்லை என்று கோபித்துக்கொள்வீர்கள். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆட்டம் முடிந்து பயலோடு வீடு வந்து சேர்ந்தேன், ஊர் முழுக்க வெடிச்சத்தம். நவம்பர் 5, இங்கே வெடி போடுகிற நாள். 1605-இல் யாரோ பார்லிமென்டுக்கு வெடி வைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டானாம். அந்த நினைவாக நானூறு வருஷமாகத் தீ மூட்டி, பொம்மை எரித்து, பட்டாசு கொளுத்துகிறார்கள். ஐந்து நாள் முன்னால் தீபாவளிக்கு நான் ஒரே ஒரு சங்குசக்கரம் விட்டதற்குத் தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. நாம் தோற்ற அன்றைக்கு அதே தெரு சரம் சரமாகக் கொளுத்துகிறது. கோழிக்கோட்டுக்காரன் இங்கே வரைக்கும் ஆள் வைத்திருக்கிறானா என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில், சொக்கப்பனை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு சின்னத் தீ மூட்டி எங்களைக் கூப்பிட்டார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். கடைசித் தளத்தை 1988-இல் மூடினார்கள், அதிலிருந்து அவருக்கு முழுநேர வேலை சண்டர்லேண்ட் தோற்பதைப் பார்ப்பது. 2017-லும் 2018-லும் வரிசையாக இரண்டு படி கீழே இறங்கிய அணி. பாழாய்ப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மேலே ஸ்டேடியம் கட்டி அதற்கு 'ஒளி ஸ்டேடியம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். இப்போது இரண்டாம் டிவிஷனில் முதலிடம். நான் வாழ்த்துச் சொன்னேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "மேலே இருக்கோம், அதுதான் பயமா இருக்கு" என்றார். உங்களுடைய பெனால்டி அய்யோவேதான், வேறு பாஷையில்.

அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் 1973-இல் போய் நிற்கும். அந்த வருஷம் மே மாதம் இரண்டாம் டிவிஷனில் இருந்த சண்டர்லேண்ட் வெம்ப்ளியில் லீட்ஸை 1-0 என்று ஜெயித்து எஃப்.ஏ. கோப்பை எடுத்தது. கோல்கீப்பர் ஜிம் மான்ட்கோமரி, செல்லப் பேர் 'மான்டி', அடுத்தடுத்து இரண்டு ஷாட்டைத் தடுத்தாராம். அதை எனக்கு நடித்துக் காட்டி, சுட்ட உருளைக்கிழங்கு இரண்டைத் தீயில் விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வீடியோ காலில் வந்தீர்கள். இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனால் நீங்கள் பார்த்தது பாதிதான். நான் போனை அவரிடம் காட்டி, என் சித்தப்பா, இவரும் 1973 ஆள்தான் என்றேன். அந்த நம்பர் ஒன்று போதுமாக இருந்தது உங்கள் ரெண்டு பேருக்கும். நீங்கள் அங்கிருந்து, எறணாகுளம் மகாராஜாஸ் காலேஜ் மைதானத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போன கதை, கேரளம் முதல் முதலாகச் சந்தோஷ் டிராஃபி எடுத்தது, ரயில்வேஸ் அணியை 3-2, மூன்றும் கேப்டன் மணி போட்டது, எல்லாவற்றையும் முழுத் தமிழில் சொன்னீர்கள். "மணி! மணி! நைன்டீன் செவன்ட்டி த்ரீ!" என்று கை தூக்கினீர்கள். அவர் கண் விரிந்துவிட்டது. "மான்டி! ஆமா, மான்டி!" என்று துள்ளினார். "மணி, மணி!" "மான்டி, மான்டி!" ஐந்து நிமிஷம். பயல் எண்ணினான், மொத்தம் முப்பத்தொரு தடவை.

போனை வைத்ததும் நீங்கள் எனக்குத் தனியாக அனுப்பிய செய்தி: "அந்த வெள்ளைக்காரருக்கு நம்ம மணியைத் தெரிஞ்சிருக்கேடா, எஃப்.ஏ.சி.டி. மணியை! கண்ணு நிறைஞ்சு போச்சு." நீங்கள் பார்க்காத பாதி இதுதான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "உங்க சித்தப்பாவுக்கு நம்ம மான்டியை எப்படித் தெரியும்?" இந்தியாவில் எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் மறைக்க மனசில்லை, அதனால் எழுதிவிட்டேன். அவரிடம் மறைத்தது மறைத்ததாகவே இருக்கட்டும்.

சித்தியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் போளி வேண்டாம், போன தடவை மான்செஸ்டர் ஏர்போர்ட்டில் அப்பளமாகிவிட்டது. நேந்திரங்காய் வறுவல் போதும். அடுத்த சீசனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கோல் யார் போட்டாலும், நாற்பது வரைக்கும் மனசுக்குள் எண்ணிவிட்டு அய்யோ சொல்லுங்கள். உங்களால் முடியாது என்று தெரியும். பத்து வரைக்குமாவது.

உங்கள்,
அண்ணன் மகன்

பின்குறிப்பு: பெரியவர் உங்களிடம் உள்ள 1973 ஃபைனல் போட்டோவுக்கு ஒரு காப்பி கேட்கிறார், சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். பெட்டியில் வைத்திருக்கிறீர்களே, மணி கோப்பையோடு நிற்கிற பேப்பர் கட்டிங், அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். அவரிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.