வேர்ப்பூஞ்சையின் நால்வகை உபாயம்

செடியின் வேரும் மண்ணின் பூஞ்சையும் கூடி வாழும் உறவுக்கு 1885இல் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலார் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க். கன உலோகம் மிகுந்த மண்ணில் அப்பூஞ்சை கையாளும் உபாயங்களை அவர் எண்ணவில்லை. ஆதலின் அப்பணி இங்கு மேற்கொள்ளப்படுகிறது. கடுகுக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் பூஞ்சையோடு உறவு கொள்வதில்லை. அவை இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவை.

அரசநீதி நூல்கள் வகுத்தவாறே, உபாயங்கள் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு.

சாமமாவது, ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து உலோகத்தை இணங்கச் செய்து, எளிதில் கரையாத உப்பாக அமர்த்துதல்.

தானமாவது, செடிக்குப் பாஸ்பரஸை ஈந்து வளர்த்தல். உடல் பெருகப் பெருக, உட்புகுந்த உலோகத்தின் செறிவு குறையும். செடி தான் ஆக்கிய கரிமத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை பூஞ்சைக்குச் செலுத்துவதால் இது தானமன்று, வாணிகமே என்பாரும் உளர். அது பொருந்தாது, வரி கொண்ட வேந்தன் கொடுப்பதும் தானம் என்றே பெயர் பெறும்.

பேதமாவது, பூஞ்சை இழையின் சுவரிலுள்ள கைட்டினில் உலோக அயனிகளைப் பிணித்து, வேரினின்று பிரித்து வைத்தல்.

தண்டமாவது, இழைக்குள் நுழைந்துவிட்டவற்றை நுண்குமிழ்ப்பைகளில் அடைத்தல். துத்தநாகம் சிறிதளவு உயிர்க்கு வேண்டுவது. ஆதலின் அதனை அடைப்பது காவல். காட்மியத்தை அடைப்பது சிறை. அறை ஒன்றே.

ஜெர்மனியின் ஆகன் நகரை அடுத்த பிரைனிகர்பெர்க்கில், பழைய சுரங்கக் கழிவின்மேல் துத்தநாக வயலட் மஞ்சளாகப் பூக்கிறது. அதன் வேரிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையைத் துணைக்கொண்ட மக்காச்சோளம் கன உலோக மண்ணிலும் செழித்தது. உலோகத்தையும் குறைவாகவே ஏற்றது. பெல்ஜியத்தின் லொம்மலில், துத்தநாக உருக்காலை இருந்த மண்ணில் பைன் மரங்களோடு வாழும் சுயில்லஸ் பேரினத்துக் காளானோ, உள்ளே வந்த துத்தநாகத்தை வெளியே தள்ளிவிடுகிறது. இதனை ஐந்தாம் உபாயமாகக் கொள்ளலாமோ எனின், ஆகாது. நாடுகடத்தலும் தண்டத்துள் அடங்கும்.

உபேட்சை, அதாவது கண்டும் காணாதிருத்தல், நூல்களில் தனி உபாயமாகக் கூறப்படினும் பூஞ்சையிடம் காணப்படவில்லை. அது உலோகத்தை மண்ணில் விட்டுச் சென்றவர்க்கு உரியது.

தனிமங்கள் மட்குவன அல்ல. நான்கு உபாயங்களும் முற்றிய பின்னும் துத்தநாகமும் காட்மியமும் அம்மண்ணிலேயே இருக்கும்.