ஜாகை நிபுணர்

சென்னைப் பட்டணத்தில் வேரூன்றிவிட்ட எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் பந்து வர்க்கத்தில், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க அறை பார்த்துக் கொடுப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கருதுகிற பெரியவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். மின்சார வாரியத்திலோ, பாங்கியிலோ, துறைமுகத்திலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நங்கநல்லூரில் மாடி வைத்த சொந்த வீட்டுக்காரர். ஹோட்டல் வியாபாரத்தில் காலணாப் பங்கும் இல்லாதவர். தரகு என்ற பெயரில் எந்த லாட்ஜிலும் ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கிக் குடித்தறியாதவர். ஆயினும், வடக்கே திருவொற்றியூர் தொடங்கித் தெற்கே செங்கல்பட்டு ஈறாக, மேற்கே ஆவடியும் ஸ்ரீபெரும்புதூரும் எல்லையாக விரிந்து கிடக்கிற இந்தப் பிரதேசத்தில், எந்த விடுதியில் எத்தனை மணிக்கு வெந்நீர் வரும், எந்த விடுதியில் வரும் என்று சொல்வார்களே தவிர வராது, எந்த மாடிக்கு மேல் கொசு ஏறாது என்கிற விவரங்களையெல்லாம் ஏட்டைப் பாராமல் அவர் ஒப்பிக்கக் கேட்டவர்கள், அவரை ஜாகை நிபுணர் என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

அவருடைய கைங்கரியம் தொலைபேசி மணியில் ஆரம்பமாகிறது. கோவில்பட்டியிலிருந்து, அக்காள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை பேசுகிறார்.

“மாமா, பாப்பாவுக்குத் திங்கக்கெழம தேர்வாணையத்துல சர்டிபிகேட் சரிபாக்காங்களாம். காலைல எட்டரைக்கு அங்க நிக்கணும். பிராட்வே பக்கம் ஒரு ரூம் கெடைக்குமா?”

“பிராட்வேயா? அங்க எதுக்கு மாப்ள? ஒரு கட்டிலப் போட்டுட்டு, கடற்கரைக்கும் சேத்துல்லா வாடக வாங்குவான்! நீங்க கிளாம்பாக்கத்துல எறங்குங்க. ஊரப்பாக்கத்துல ரூம் சொல்லிவைக்கேன். அரண்மன மாதிரி இருக்கும்.”

“ஊரப்பாக்கத்துல இருந்து பிராட்வே தூரம்லா மாமா?”

“என்ன தூரம்? ஒரே ரயிலு. ஏறி உக்காந்தா கோட்ட ஸ்டேஷன்ல எறக்கிவிட்ருவான்.”

அந்தத் தூரம் 35 கிலோமீட்டருக்கு மேல் என்பதும், திங்கட்கிழமை காலையில் அந்த ரயிலில் ஏறுவது ஒரு சாமர்த்தியம், உட்காருவது முன்ஜன்மப் பலன் என்பதும் நிபுணருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் அவருடைய சித்தாந்தத்தில் தூரம் என்பது ஒரு மாயை. வாடகை ஒன்றே சத்தியம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அன்றே இந்தப் பிரதேசம் முழுவதும் ஒரே ஊராகிவிட்டது என்றும், அதை உணராமல் இன்னும் எழும்பூரைச் சுற்றிக்கொண்டிருக்கிறவர்கள் பணத்தை மட்டுமல்லாமல் காலத்தையும் விரயம் செய்கிறவர்கள் என்றும் அவர் உபந்நியாசம் செய்வார். பத்து ரூபாய் டிக்கெட்டில் வேலை முடிகிற தூரத்தைத் தூரம் என்று சொல்லலாமா என்பது அவருடைய கேள்வி. கேட்கிறவர்களிடம் பதில் இருந்தாலும், மாமாவிடம் யார் வாதாடுவது?

நிபுணருடைய ஞானம் ஒரே நாளில் சித்தித்ததன்று. இந்நகரத்தில் பிரயாணிகள் வந்து இறங்குகிற வாசல் மாறும்போதெல்லாம் அவர்கள் தங்குகிற தெருவும் மாறி வந்திருக்கிறது என்ற சரித்திர உண்மையை அவர் பிரத்யட்சமாகக் கண்டவர். சென்ட்ரலில் இறங்கியவர்கள் பெரியமேட்டையும் வால்டாக்ஸ் ரோட்டையும் நாடினார்கள்; 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்துக்குத் தெற்கத்தி ரயில்கள் வரத் தொடங்கிய பின், கென்னட் லேனும் காந்தி இர்வின் சாலையும் மாடிக்கு மேல் மாடியாக வளர்ந்தன; கலியாணமாகாமல் உத்தியோகம் பார்த்தவர்களைத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மாத வாடகைக்கு வாங்கிக்கொண்டன. 2002-இல் வெளியூர்ப் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போயின; அதன் சுற்றுவட்டாரத்தில் கண்ணாடி முகப்பும் மூன்றெழுத்து இங்கிலீஷ் பெயரும் தாங்கிய லாட்ஜுகள் எழுந்தன. அவற்றில் சிலவற்றின் சுண்ணாம்பு உலர்ந்து முடிவதற்குள், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டத்துப் பஸ்கள் வண்டலூருக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. ஊரார் எல்லாரும் ஏக காலத்தில் அலுத்துக்கொண்ட அந்தச் சந்தர்ப்பத்தில், பரம சந்தோஷம் அடைந்த ஒரே ஆத்மா நமது நிபுணர்தான். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒரு புதிய கண்டமே அவருக்காகக் கடலிலிருந்து எழுந்ததுபோல் ஆயிற்று.

ஒவ்வொரு புறநகருக்கும் ஒரு ஜாதகம் கணித்து வைத்திருக்கிறார். திரிசூலமும் பல்லாவரமும் விமானத்துக்குப் போகிறவர்களுடையவை; பாதி ராத்திரியில் வந்து பாதி ராத்திரியில் போகிறவர்களாதலால் அங்கே படுக்கை விரிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. போரூர், ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்தவர்களுடையது. அங்கே அறையோடு கஞ்சி காய்ச்ச அடுப்பும் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வடபழனியில் முகூர்த்த நாளன்று அறை தேடுகிறவன் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவன். பொத்தேரி, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் கல்லூரி சேர்க்கைக் காலத்தில் பிள்ளைகளைவிடப் பெற்றோரே அதிகமாக நடமாடுவார்கள். வாடகையும் அவர்களுடைய முகத்தைப் பார்த்துத்தான் சொல்லப்படும். ஸ்ரீபெரும்புதூர் மட்டும் அவர் கைக்கு வசப்படவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலை வந்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் கொரியா தேசத்தவர்களுக்கென்றே விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஏற்பட்டுவிட்டபடியால், படிக்கத் தெரியாத எழுத்தில் பலகை மாட்டிய கட்டடத்தில் பேரம் பேசுவது எப்படி என்பது அவருடைய சாஸ்திரத்தில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம்.

கைபேசியில் அறை பதிவு செய்கிற வழக்கத்தை அவர் அடியோடு வெறுக்கிறார். “படத்துல காட்டுத ரூம் அந்தக் கட்டடத்துல இருக்கத்தான் செய்யும். நமக்குத் தரமாட்டான்” என்பது அவருடைய தீர்ப்பு, இந்த ஒரு விஷயத்தில் நான் அவருடைய கட்சி. ஆகையால் விருந்தாளி வருவதற்கு முன்தினமே தாமே ஊரப்பாக்கம் சென்று அறையைப் பரிசோதனை செய்கிறார். இந்தப் பரிசோதனையை ஒரு முறையாவது பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். முதலில் வாசற்படியிலேயே நின்று மூக்கை உயர்த்தி ஒரு முறை மோப்பம். பிறகு மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்கி மூட்டைப்பூச்சி விசாரணை. தலையணை உறையின் உட்புறம். குளியலறையில் வாளி உண்டா, உண்டானால் ஓட்டை உண்டா, மக்கின் கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது, தண்ணீர் உப்பா என்று நாக்கு நுனியில் ஒரு சொட்டு. பின்னர் கதவைத் தாழிட்டுத் தாமே உள்ளே சிறிது நேரம் மௌனமாக அமர்ந்து, அடுத்த அறையின் டெலிவிஷன் எவ்வளவு தூரம் நம்முடையதாகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். இத்தனையும் முடிந்து, “வேற ரூம் காட்டுங்க” என்பார். மூன்றாவது அறையைக் காட்டிய பிறகு ரூம் பாய் கண்ணில் படுவதில்லை.

அப்பால் மேஜைக்காரரோடு சம்பாஷணை. இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா? அதிகாலை நாலேகாலுக்குக் காலடி வைத்தால் அது எந்த நாளின் கணக்கில் ஏறும்? மூன்றாம் ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று போடுவது பாயா, மெத்தையா? ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு வரி கிடையாது என்றிருந்த சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. ஆயிரத்துக்கு ஒன்று குறைவாக வாடகை போட்டிருந்த அந்தப் பொற்காலத்தை அவர் வர்ணிக்கும்போது, மேஜைக்காரருக்கே கண் கலங்கி, கடைசியில் நூறு ரூபாய் குறைத்துவிடுகிறார். கலக்கம் துக்கத்தால் அன்று, அலுப்பால், அதனால் என்ன?

குறித்த நாளில், விடிவதற்கு முன்பே, ஃபிளாஸ்கில் காப்பியோடு கிளாம்பாக்கத்தில் மாமா காத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை, அக்காள் மகள், பேத்தி முறையான பாப்பா ஆகிய மூவரையும் அழைத்துச் சென்று, லிஃப்ட் ரிப்பேரான கட்டடத்தின் நாலாவது மாடிக்கு ஏற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, “காத்து எப்படி?” என்று கேட்கிறார். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். இருந்தாலும், தாம்பரத்துக் காற்று சாமானியமானதா, 1928-இல் சௌரிமுத்து டாக்டர் க்ஷயரோகிகளுக்குச் சானடோரியம் கட்ட இந்தப் பக்கத்தையல்லவா தேடி வந்தார் என்று சரித்திர ஆதாரம் காட்டுகிறார். தாம்பரம் அங்கிருந்து சில ஸ்டேஷன் தள்ளி வடக்கே இருக்கிறதென்பதை யாரும் எடுத்துக்காட்டவில்லை. நாலு மாடி ஏறியவர்களுக்கு வாதம் செய்ய மூச்சு ஏது?

மறுநாள் காலை ஆறு மணி ரயிலில் அவர்கள் நின்றுகொண்டே புறப்படுகிறார்கள். வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, மீனம்பாக்கம் தாண்டி வண்டி நிற்கையில், பலகையைப் படித்த பாப்பா கேட்கிறாள்.

“பழவந்தாங்கல்னா, நங்கநல்லூர் தாத்தா வீட்டுக்கு எறங்குத ஸ்டேஷன்லா அம்மா?”

“ஆமா.”

“அவங்க மாடில ஒரு ரூம் சும்மாதானம்மா கெடக்கு?”

தாயார் பதில் சொல்லவில்லை. கைப்பையில் சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறாள்.

இதைக் கேட்டு நிபுணரைக் கஞ்சன் என்று யாரேனும் நினைத்தால் அது பெரும் அபசாரம். ஊரப்பாக்கத்துக்குப் போக வர அவர் செலவழித்த ஆட்டோ கூலியையும், ஃபிளாஸ்க் காப்பியையும், நாலு மாடி ஏறிய முழங்காலையும் கணக்குப் பார்த்தால், மாடியறையைத் திறந்து விட்டிருப்பது எவ்வளவோ லாபம். ஆனால் அந்த அறையில் கொலுப் பொம்மைப் பெட்டிகளும், அமெரிக்காவிலிருக்கும் மகனின் புஸ்தகங்களும், நடந்து பழகுவதற்காக வாங்கிய யந்திரமும் நிரந்தரவாசம் செய்கின்றன; அவற்றைக் கிளப்புவதாயின் மாமியின் சம்மதம் வேண்டும்; மாமியோ, ஒரு காலத்தில் பரீட்சைக்கென்றும் வேலைக்கென்றும் டிரங்குப் பெட்டியோடு வந்து மாசக்கணக்கில் தங்கிய தம் புருஷனுடைய பந்துக்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டு, அந்தக் கணக்கை மனத்தில் முடித்து மூடியவர். உறவை விட முடியாமலும், வீட்டைத் திறக்க முடியாமலும் தத்தளித்த ஒரு மனிதர் கண்டுபிடித்த வழிதான் இந்த நிபுணத்துவம். பட்டணத்துப் பெரியவர்களில் பலர் பரோபகாரிகளானதே இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

போன ஆவணியில் கோவில்பட்டியில் ஒரு விவாகம். மாமா வருகிறார் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை மிகுந்த சிரத்தையோடு, பஸ் நிலையத்துக்கு அருகில், லிஃப்ட் ஓடுகிற விடுதியாகப் பார்த்து, ஏசி அறையாக, முன்பணமும் கட்டி வைத்திருந்தார். மாமா அறைக்குள் சென்றார். மோப்பம் பார்த்தார். மெத்தையைத் தூக்கினார். தண்ணீரை நாக்கில் விட்டார். ஒரு குற்றமும் காணாமல் சற்று நேரம் திகைத்து நின்றார். பிறகு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ரூமு பிரமாதம் மாப்ள. ஆனா சொந்தக்காரங்க வீடு இருக்கையில லாட்ஜ்ல தங்கினா, நாலு பேரு என்ன நெனப்பாங்க? உங்க மாமியும் ஒத்துக்கிட மாட்டா. வீட்டுல நம்மளுக்கு எந்த ரூமு?”