கூடாரம் எங்கே போடலாம்?

கேள்வி: மார்ச்சில் எங்கள் முதல் திருமண நாள். ஏதாவது கடலோரத் தீவில் கூடாரம் போட்டு, நானும் அவரும் ஒரு ராத்திரி தங்க ஆசை. ஹைதராபாத்திலிருந்து எங்கே போகலாம்?
(வாசகி, செகந்திராபாத்)

பதில்: வாழ்த்துகள்! காக்கிநாடாவுக்கு எதிரே ஹோப் தீவு இருக்கிறது. கோதாவரி கொண்டுவந்து சேர்த்த மணலில் சுமார் 200 ஆண்டுகளில் உருவான, ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீள மணல் திட்டு. புயல் காலத்தில் காக்கிநாடாவுக்கு முன்னால் நின்று அலையை வாங்கிக்கொள்வதும் அதுதான். ராத்திரி கௌதமி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் காக்கிநாடா. அப்புறம் படகு.

ராத்திரி மட்டும் தங்காதீர்கள், அம்மா. மார்ச்சில் அந்தத் தீவு ஒரு பிரசவ வார்டு! பங்குனி ஆமைகள் இருட்டில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இடும். மணலால் மூடி, தன் உடம்பாலேயே தட்டி அழுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். சுமார் 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஓடும். உங்கள் டார்ச்சும் கேம்ப் ஃபயரும் அவற்றுக்குப் பொய்க்கடல். தாயையும் பிள்ளையையும் அலைக்கழித்துவிட்டு நமக்கென்ன திருமண நாள்?

வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு பகலில் போய், மாலைக்குள் திரும்புங்கள். கோரிங்கா அலையாத்திக் காட்டின் மரப்பாலத்தில் கைகோத்து நடங்கள். கூடாரத்தை இன்னொரு வார இறுதிக்கு வைத்துக்கொண்டு, விகாராபாத் அருகே அனந்தகிரி மலைப் பக்கம், அனுமதி உள்ள முகாமில் போடுங்கள். மூசி ஆறு பிறக்கும் இடம் அது. கொசுவர்த்தியை மறக்க வேண்டாம்.