டி.ஜி.எம். பந்தடிக்கிறார்

வல்லக்கோட்டைப் பக்கம் டி.ஜி.எம்., அதாவது டெபுடி ஜெனரல் மேனேஜர், என்றால் பாதி பதவி, பாதி வயது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வர ஆரம்பித்தபோது, ஏதோ ஓர் உதிரிபாகக் கம்பெனியில் டிப்ளமோ டிரெய்னியாகச் சேர்ந்தவர். 2010இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. 2012இல் டைம்லர் லாரி வந்தது. அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் இவர் பதவியில் ஒரு படி ஏறி, பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட்டார். இப்போது சொந்த வீடு, பாதி அடைந்த வீட்டுக் கடன், முழுதாக வந்து சேர்ந்த சர்க்கரை, இன்ஜினீயரிங் படிக்கும் பெண். இத்தனையும் வந்துவிட்ட மனிதருக்கு அடுத்து என்ன வரும்? கோல்ஃப் வரும்.

தானாக வராது. கஸ்டமர் வழியாக வரும். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மேலே உட்கார்ந்திருக்கும் கொரியருக்கும் ஜப்பானியருக்கும் கோல்ஃப் பொழுதுபோக்கு இல்லை, ஆகாரம். கொரியாவில் மைதானத்துக்குப் போக நேரமில்லாதவர்கள் இருட்டறைக்குள் திரையைப் பார்த்துப் பந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஜப்பானில் ஒரே அடியில் குழிக்குள் போட்டுவிட்டால் நண்பர்களுக்கெல்லாம் விருந்தும் பரிசும் தர வேண்டும் என்று ஒரு வழக்கம். அந்தச் செலவுக்குப் பயந்து முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட தேசத்தார் ஒருவர் வெண்டர் மீட்டிங்கில் "நீங்கள் கோல்ஃப் ஆடுவதுண்டா?" என்று கேட்டபோது, நம்மவர் வாய், மூளையைக் கலந்தாலோசிக்காமல், "எஸ் சார், லிட்டில்" என்றது.

அந்த லிட்டிலை நிரூபிக்கத்தான் இத்தனை பாடு.

கோல்ஃபில் பைக்குள் பதினான்கு குச்சிகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. இவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே பதினான்கையும் வாங்கிவிட்டார். குச்சி என்று சொன்னால் கோபம் வரும். "கிளப்" என்று திருத்துவார். அவர் மனைவி மட்டும் இன்றுவரை குச்சி என்றுதான் சொல்கிறார். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பிரஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், பதினான்குக்கும் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார். மறுநாள் ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தபோது, விபூதி கலைந்த இடத்தில் பந்து பட்ட தடம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் இல்லை, பிடிப் பக்கத்து ஓரத்தில். வெளிநாட்டில் இதையே தெரிந்துகொள்ள, பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை அடித்துப் பார்ப்பார்களாம். அன்றிலிருந்து பையில் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கிறது. மனைவிக்கு அந்த அளவில் திருப்தி.

பயிற்சி நடப்பது ஊருக்கு வெளியே விற்காமல் கிடக்கும் மனைப் பிரிவில். எல்லைக்கல் நட்டு, தார் ரோடு போட்டு, ஆர்ச் கட்டி, ஆள் வராத இடம். காலை ஐந்தரைக்கு இவர் பையோடு போவார். அதே நேரத்துக்கு ஒரு ஆயா நாலைந்து ஆட்டோடு வருவார். முதல் வாரம் ஆயா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டார்: "இன்னா தம்பி, தெனம் இன்னாத்தத் தேடிக்கினு இருக்கீங்க?"

பந்தைத்தான். அடித்த எல்லாப் பந்தும் வலது பக்கமாக வளைந்து கருவேலங்காட்டுக்குள் போகிறது. ஸ்லைஸ் என்று பெயர். பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின் முகம், அது வீசி வரும் பாதையை விட வலப்புறம் திறந்திருந்தால் பந்து சுழன்று அந்தப் பக்கம் வளையும். காரணம் இவருக்குத் தெரியும். காரணம் தெரிந்த எதையும் ஒழித்துக்கட்டலாம் என்பது இருபத்தைந்து வருஷத் தொழிற்சாலை அவருக்குக் கற்றுத் தந்த வேதம். பிபிஎம் கணக்கில் ரிஜெக்ஷனைக் குறைத்தவருக்கு ஒரு பந்து எம்மாத்திரம்? எனவே ஒரு ஃபிஷ்போன் படம் வரைந்தார். மனிதன், இயந்திரம், பொருள், முறை என்று மீன் முள் பிரிந்தது. இயந்திரம் புதுசு, பொருள் இறக்குமதி, முறை யூடியூபில் பார்த்தது. மீதி இருந்தது மனிதன். அந்த முள்ளில்தான் சிக்கிக்கொண்டார்.

முதலில் உடம்பைப் பிடித்தார். பின்னால் வீசும்போது தோள் தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும், இடுப்பு அதில் பாதிதான் திரும்ப வேண்டும். அந்த முறுக்கில்தான் வேகம் பிறக்கிறது என்று பாடம். இவருக்குத் தோளும் இடுப்பும் பிரிக்க முடியாத கூட்டணி. இரண்டும் சேர்ந்தே அறுபது பாகை போய் நிற்கும். தொப்பை ஷிப்ட் முடிந்து தனி பஸ்ஸில் வந்து சேரும். படப்பையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார். "என்ன சார், கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்டார் அந்தப் பெண். "கோல்ஃப்" என்றார் இவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெருமையாக. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அதிகம் வருவது கீழ் முதுகு வலிதான். ஆட்டம் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டதில் அவருக்கு ஒரு நம்பிக்கை: சரியான திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

பிளாங்க் செய்தார். காலை சட்னியில் தேங்காயைக் குறைத்தார். கேன்டீனில் இரண்டாவது சாதத்தை நிறுத்தினார். மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. பந்து இருபது கஜம் கூடுதல் தூரம் போனது. அதே கருவேலங்காட்டுக்குள், இன்னும் உள்ளே.

குழிக்குள் தள்ளும் பட்டிங்கில் நிலைமை வேறு மாதிரி. அதற்கு பலம் வேண்டாம், முதுகும் வேண்டாம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவு 42.67. கழித்தால் 65 மில்லிமீட்டர் இடம் மிச்சம். தொழிற்சாலையில் இருபது மைக்ரான் தாண்டினால் லாட்டையே திருப்பி அனுப்புகிற மனிதர் இவர். இங்கே மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, அறுபத்தைந்து மில்லிமீட்டர் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே தள்ளுகிறார். கை கடைசி நேரத்தில் வெடுக்கென்று இழுக்கும். பெரிய சாம்பியன்களையும் வீட்டுக்கு அனுப்பிய வியாதி அது; யிப்ஸ் என்பார்கள். பெயர் தெரிந்ததும் இவர் முகத்தில் ஒரு களை. சாம்பியன்களுக்கு வருவதில் ஒன்றாவது தனக்கும் வந்திருக்கிறதே.

ஆக, மனசு. அடுத்த ஆறு மாதம் மனசைத் திருத்தினார்.

டிமோத்தி கால்வே என்ற அமெரிக்கர் 1974இல் டென்னிஸுக்கும் 1981இல் கோல்ஃபுக்குமாக ஆட்டத்துக்கொரு புத்தகம் எழுதினார். ஆட்டக்காரனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் உத்தரவு போடுகிறான், மற்றவன் வேலை செய்கிறான், முதல்வன் வாயை மூடினால் இரண்டாமவன் ஒழுங்காகச் செய்வான் என்பது அவற்றின் சாரம். இதைப் படித்த டி.ஜி.எம். தனக்குள்ளும் தேடிப் பார்த்தார். அங்கே இருந்த இரண்டு பேருமே மேனேஜர்கள். வேலை செய்ய ஆளில்லை.

காபிரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் புதிதாகக் கற்பவர்களைப் பிரித்து, ஒரு கூட்டத்திடம் கையைக் கவனி என்றும் மற்றதிடம் கிளப்பைக் கவனி என்றும் சொல்லிப் பார்த்தார். கையைக் கவனித்தவர்கள் மோசமாக அடித்தார்கள். உடம்பைக் கவனித்தால் உடம்பு வெட்கப்பட்டுக் குளறுகிறது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மேலிருந்து கிளப் கீழே வர ஏறக்குறைய கால் நொடி. ஒரு தப்பைக் கண்டு, மூளை ஆள் அனுப்பித் திருத்த அதே அளவு நேரம் வேண்டும். பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது அரை மில்லி நொடி. அந்தக் கால் நொடிக்குள் நம்மவர் நினைப்பது: இடது முழங்கையை மடக்காதே, தலையைத் தூக்காதே, வலது குதிகாலை எடுக்காதே, மூச்சை விடு, சிரி. கடைசியில் தலை நிமிரும், மற்றதெல்லாம் மடங்கும்.

இதற்கு ஆயா ஒரு நாள் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே தீர்ப்பு சொன்னார்: "மொதல்ல பந்து இல்லாம ஒண்ணு வீசுறீங்களே தம்பி, அது நல்லாக்கீது. அப்பால பந்த வெச்சிக்கினு இன்னாத்துக்கு ஒதர்றீங்க?" உலகத்தில் கோல்ஃப் சொல்லித் தருபவர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதும் இதைத்தான். ஆயா இலவசமாகச் சொன்னதால் டி.ஜி.எம். அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனார். வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். அருணகிரிநாதர் பாடிய தலம். அசுரனிடம் நாட்டைப் பறிகொடுத்த பகீரதன் இங்கே வழிபட்டு இழந்ததை மீட்டான் என்று தல புராணம். இவர் இழந்தது பந்துகளைத்தான், ஆனால் எண்ணிக்கை அதிகம். அதிலும் 2019இல் விதியைத் திருத்தி, தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். பகீரதனுக்கு இருந்த அவகாசம்கூட இவருக்கு இல்லை.

நிஜ மைதானம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, படப்பை, மண்ணிவாக்கம், தாம்பரம் தாண்டி நந்தனம். அங்கே பை தூக்கும் கேடி ஒருவர் இவருக்கு வாடிக்கை. அவர் பேசுவது குறைவு. "சார், கொஞ்சம் லெஃப்ட்ல பாருங்க" என்பதோடு சரி. திங்கட்கிழமைகளில் யாரோ கழித்துப் போட்ட குச்சியை வைத்து ஆடுவாராம். எப்படி என்று டி.ஜி.எம். கேட்டதில்லை. பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தவர். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌராசியா 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை எடுத்தார். இதெல்லாம் நம்மவருக்குத் தெரியும், பிறருக்கும் சொல்வார், பின்னால் பை தூக்கி நிற்பவரைத் திரும்பிப் பார்க்காமல்.

ஹேண்டிகேப் என்ற ஒன்று உண்டு; ஆட்டத்தில் எத்தனை அடி சலுகை என்ற கணக்கு. சின்ன எண் பெருமை, பெரிய எண் லாபம். இவருக்கு உண்மையில் 28. கல்யாண வீட்டில் 22 என்பார். பந்தயம் என்றால் 30.

வருஷாந்திர வெண்டர் போட்டி வந்தது. அங்கே ஒரு எழுதாத விதி: கஸ்டமரின் பர்ச்சேஸ் தலைவரிடம் தோற்க வேண்டும், ஆனால் தோற்கத்தான் வந்தோம் என்று தெரியக் கூடாது. மற்ற சப்ளையர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்திருந்தார்கள். நம்மவருக்கு அது இயற்கையிலேயே அமைந்த வரம். ஆறாவது குழி வரை வரம் குறையவில்லை.

ஏழாவது குழிக்கு முன் பைக்குள் போன் அதிர்ந்தது. மரத்தடிக்கு ஒதுங்கி எடுத்தார். ஷிப்ட் இன்சார்ஜ். "சார், லைன் நின்னுடுச்சு. ரோபோ ஹோம் பொசிஷனுக்கே வரல. ரெண்டு மணி நேரத்துக்குத்தான் ஸ்டாக் இருக்கு சார்."

அவ்வளவுதான். முழங்கை, குதிகால், மூச்சு எல்லாம் மறந்துபோயிற்று. ரோபோவை நினைத்துக்கொண்டே நின்றார், ரோபோவை நினைத்துக்கொண்டே வீசினார். பந்து இருநூறு கஜம் நேராகப் போய்ப் புல்வெளி நடுவில் விழுந்தது. கேடி அன்று முதல் முறையாக வாய் திறந்தார்: "சார், நீங்களா சார்?" அடுத்ததும் நேர். பட்டிங்கில் கை இழுக்கவில்லை; கைக்கே தெரியாது அது பட்டிங் என்று. பதினெட்டாவது குழியில், லைன் ஓட ஆரம்பித்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, பர்ச்சேஸ் தலைவரை ஆறு அடி வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார்.

பர்ச்சேஸ் தலைவர் குனிந்து வணங்கிக் கைகொடுத்தார். அடுத்த மாதம் விலைக் குறைப்புப் பேச்சில் மற்றவர்களிடம் இரண்டு சதவீதம் கேட்டவர், இவரிடம் நாலு கேட்டார்.

டி.ஜி.எம். அதற்கெல்லாம் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒய்-ஒய் அனாலிசிஸ் போட உட்கார்ந்தார். பந்து ஏன் நேராகப் போனது? பந்தை நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை? ரோபோவை நினைத்தார். ஏன்? லைன் நின்றது. ஏன்? சென்சார் கேபிள் அறுந்தது. ஏன் அறுந்தது? மெயின்டனன்ஸ் செய்யவில்லை. ஐந்தாவது ஏனில் மூலக்காரணம் கிடைத்துவிட்டது: கோல்ஃப் நன்றாக வர வேண்டுமானால் மெயின்டனன்ஸை நிறுத்த வேண்டும்.

அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. ஆகவே ஒரு மாற்று ஏற்பாடு. ஷிப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலை ஏழரைக்கு போன் செய்து லைன் நின்றுவிட்டது என்று சொல்லும்படி உத்தரவிட்டார். "பொய்யா சார்?" என்றான் பையன். "டிரையல் ரன்" என்றார் இவர். போன் வந்தது. ஆனால் பொய் என்று தெரிந்த போனில் வேலை நடக்கவில்லை. பந்து பழைய வீட்டுக்கே போனது. குறை பையனின் குரலில் என்று முடிவு செய்தார். பதற்றம் போதாது. அடுத்த வாரம் இன்னும் இயல்பாக இருக்க வேண்டும் என்று ஃபீட்பேக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஏழரைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போன் வந்தது.

"சார், நெஜமாவே நின்னுடுச்சு சார். பிரஸ்ல ஹைட்ராலிக் பைப் வெடிச்சு ஃப்ளோர் பூரா ஆயில் சார். கஸ்டமர் லைன்ல இருந்து கூப்பிடறாங்க சார், என்ன சொல்றதுன்னே தெரியல சார்!"

டி.ஜி.எம். கண்ணை மூடி முழுவதையும் ரசித்துக் கேட்டார். "சபாஷ் தம்பி, நல்ல இம்ப்ரூவ்மென்ட். அழுகை மட்டும் கொஞ்சம் ஓவர்" என்று சொல்லி, போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பெரிய குச்சியை உருவினார்.